ரோமி கதைத்தால் விளங்கும்

1985 நத்தாருக்கு நானும் தம்பியும் ஜேர்மனியில் ஓர் அகதி விடுதியில் இருந்தோம். மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினுக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி மேற்கே இறங்கிய கூட்டத்தில் நாங்களும். வேலை செய்ய அனுமதியில்லை, பதிந்த இடத்தைவிட்டு வெளியே போகவும் அனுமதியில்லை. பொதுவறையில் ஒரு ரீவி இருந்தது. அன்றைக்கு அதில் ஒரு பழைய கலர்ப்படம்: மலை, குதிரை, குடை விரித்த மாதிரிச் சட்டை போட்ட ஒரு பெட்டை. படத்தின் பெயர் 'சிஸ்ஸி'. தம்பி அதற்குச் 'சீச்சீப் படம்' என்று பேர் வைத்தான். எங்கட ஊரில் சிவராத்திரிக்கு விடிய விடியப் படம் போடுகிற மாதிரி, அங்கே நத்தாருக்கு இது வராவிட்டால் நத்தாரே இல்லையாம்.

அந்தப் பெட்டைதான் ரோமி ஷ்னைடர். அவர் செத்து மூன்று வருடமாகிவிட்டது என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.

1988இல் கலியாணமாகி பாரிசுக்கு வந்தேன். மூன்று வருடம் முக்கி முக்கிப் படித்த டொச், அதாவது ஜேர்மன் மொழி, ஒரே நாளில் செல்லாக்காசு. பாரிசில் தமிழ்க்கடைகள் இருக்கிற லா சப்பலில் மீனும் மரக்கறியும் தமிழிலேயே வாங்கலாம். ஆனால் வைத்தியரிடமும் பள்ளிக்கூடத்திலும் என்ன செய்வது? இவர் ரெஸ்ரோறன்ற்றில் கோப்பை கழுவப் போய் நடுச்சாமத்தில்தான் வருவார். அதுவரைக்கும் எனக்கு ரீவி துணை. ஒன்றும் விளங்காது. சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடாது.

ஒரு இரவு, தெரிந்த முகம். வயது கூடியிருந்தது, தலைமயிரை இழுத்துக் கட்டியிருந்தது. சீச்சீப் படத்துக்காரி! அவர் வாய் திறந்ததும் எனக்குப் பாதி விளங்கியது. மற்றவர்கள் கதைத்தால் பழையபடி இருட்டு, அவர் கதைத்தால் வெளிச்சம். ஏனென்று யோசித்துப் பார்த்தேன். அவர் பிரெஞ்சைத் தாயின் மடியிலிருந்து கேட்டு வளர்ந்தவர் அல்ல. என்னைப் போலக் காசு கொடுத்து, வெட்கப்பட்டு, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்தவர். அதனால் சொற்களை விழுங்கமாட்டார்.

பிறந்தது வியன்னாவில், 1938 செப்ரெம்பரில். ஹிட்லரின் படை ஒஸ்ரியாவுக்குள் புகுந்து அரை வருடம்தான் ஆகியிருந்தது. தாய் மாக்டா ஷ்னைடர், தகப்பன் வோல்ஃப் அல்பாக்-ரெட்டி, இரண்டு பேரும் நடிகர்கள். 'சிஸ்ஸி' முதற்படம் வந்தபோது ரோமிக்கு 17 வயது. தாயே படத்திலும் தாயாக நடித்தார். 1957க்குள் மூன்று பாகம் வந்து, நாலாவதுக்குப் பெருந்தொகை தருகிறோம் என்றும் கேட்டுப் பார்த்தார்கள். மாட்டேன் என்றுவிட்டார்.

1958இல் ஒரு படத்துக்காக பாரிசில் வந்து இறங்குகிறார். விமான நிலையத்தில் பூச்செண்டோடு நின்ற பெடியன், பிறகு பெரிய பிரெஞ்சு நடிகரான அலென் டெலோன். அப்போது அவரை ஆருக்கும் பெரிதாகத் தெரியாது, நட்சத்திரம் ரோமிதான். ரோமிக்குப் பிரெஞ்சு வராது, டெலோனுக்கு டொச் வராது. அப்படியும் ரோமி வீட்டைவிட்டு அவரோடு பாரிசுக்கே வந்துவிட்டார். ஜேர்மன் பத்திரிகைகள் நாட்டுக்குத் துரோகம் செய்துவிட்டாள் என்ற மாதிரி எழுதித் தள்ளின. பாரிசிலோ அவர் டெலோனின் ஜேர்மன்காரி, அவ்வளவுதான்.

1961இல் இயக்குநர் விஸ்கொந்தி அவரைப் பிரெஞ்சு நாடக மேடையில் ஏற்றினார். இதை நினைத்தால் எனக்கு இப்பவும் கை நடுங்கும். படம் என்றால் திரும்ப எடுக்கலாம். மேடையில், பாரிஸ்காரர் முன்னால், அவர்களுடைய மொழியிலேயே பிழை விட்டால்? நான் பேக்கரியில் பாண் கேட்கவே வாசலில் நின்று நாலு தரம் சொல்லிப் பார்த்தவள். ஆணா பெண்ணா என்று பாணுக்கும் பால் பார்க்கவேணும். பிழைத்தால் விற்கிற பிள்ளை முகத்தைச் சுளிக்கும்.

டெலோன் 1963இல் விட்டுப்போனார். பிறகு ரோமி கலியாணம் செய்து பேர்லினில் போய்க் குடியிருந்தார், 1966இல் மகன் டேவிட் பிறந்தான். ஊரோடு இருந்துவிடலாம் என்று நினைத்திருப்பார். எங்கட ஆக்கள் எத்தனை பேர் அப்படிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்! 1968இல் டெலோனோடு ஒரு பிரெஞ்சுப் படத்துக்கு வந்தவர்தான், பிறகு இங்கேயே.

எழுபதுகளில் இயக்குநர் க்ளோத் சொத்தே எடுத்த படங்கள்தான் எனக்குப் பாடப்புத்தகம். கஃபே, மழை, சிகரெட் புகை, சாப்பாட்டு மேசைச் சண்டை, எல்லாம் வீட்டுப் பிரெஞ்சு. 1972இல் வந்த 'சேசார் ஏ ரொசாலி'யில் ரோமிக்குச் சோடி இவ் மொந்தோன். அவரும் இத்தாலியில் பிறந்து, முசோலினிக்குப் பயந்து குடும்பத்தோடு மார்செய்க்கு வந்தவர். அசல் பிரெஞ்சுச் சோடி என்று நான் வாய் பார்த்திருந்தது இரண்டு வந்தேறிகளை! 1976இல் முதன்முதலாகக் கொடுத்த, பிரான்சின் பெரிய சினிமா விருதான சேசார் விருதில் சிறந்த நடிகை ரோமிதான். 1979இல் இன்னொரு தரம்.

அவருடைய பிரெஞ்சுப் படங்கள் பலவற்றுக்கு ஜேர்மன் குரலும் அவரே கொடுத்தார். ஒருமுறை தம்பி வீட்டுக்குப் போனபோது அப்படி ஒன்று கேட்டேன். டொச்சில் அவர் வேறு ஆளாக, கொஞ்சம் அவசரக்காரியாக எனக்குப் பட்டது. அம்மாவோடு ரெலிபோனில் கதைக்கும்போது இவர் என்னைச் சொல்வதும் அதைத்தான்: "தமிழிலை வெளிக்கிட்டா நீ நிப்பாட்டமாட்டாய்."

1981 ஜூலையில் மகன் டேவிட் 14 வயதில் ஒரு வீட்டின் கம்பிவேலியில் ஏறும்போது விழுந்து செத்துப்போனான். அதைப்பற்றி எழுத எனக்கு மனமில்லை. அதற்குப் பிறகும் ஒரு படம் நடித்து முடித்தார். அதில் அவர் நாஜிகளிடமிருந்து தப்பி பாரிசுக்கு வந்த ஓர் அகதிப் பெண். 1982 மே 29, பாரிசில் அவரும் போய்விட்டார். வயது 43.

போன வருடம் சமாதியைப் பார்க்க இவரையும் இழுத்துக்கொண்டு போனேன். பாரிசுக்கு மேற்கே புவாசி-சோன்-அவுவார் என்று சின்னக் கிராமம். இரண்டு சுற்றுச் சுற்றியும் ஷ்னைடர் என்ற பேரைக் காணவில்லை. பிள்ளையும் தாயும் ஒன்றாகக் கிடக்கிற கல்லில் 'ரோஸ்மாரி அல்பாக்' என்றுதான் இருந்தது. இவர்தான் கண்டுபிடித்தார்.

"நீ ஷ்னைடர் எண்டு தேடினா எப்பிடியப்பா கிடைக்கும்? தேப்பன்ர பேரிலையெல்லோ கிடக்கிறா."

எனக்கும் இங்கே எல்லாப் பத்திரத்திலும் அப்பாவின் பேர்தான். ஆஸ்பத்திரியில் 'மதாம் கந்தசாமி' என்று கூப்பிட்டால் எழும்புவது நான். கொண்டுபோன பூவை வைத்துவிட்டு, பஸ் பிடிக்க ஓடினோம்.