22 வாரச் சாரம்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு வீடு என்றால் காணி உறுதிதான். உறுதியில் பெயர் இருந்தால் கிணறும் வேலியும் முற்றத்து மாமரமும் நம்முடையவை. அந்த நினைப்போடுதான் 2011இல் இலண்டனின் ஹாரோ பகுதியில், ஆறு வீடுகள் கொண்ட மாடிக் கட்டடம் ஒன்றில் நடுத்தளத்து வீட்டை வாங்கினேன். நான் வாங்கியது 99 ஆண்டு லீஸில், அதாவது நீண்டகாலக் குத்தகையில், எஞ்சியிருந்த காலத்தை மட்டுமே என்பதையும், நிலமும் வெளிச்சுவரும் கூரையும் ஃப்ரீஹோல்டர் எனப்படும் நிலவுரிமையாளருக்கு உரியவை என்பதையும் சட்டத்தரணி அன்றே சொல்லியிருந்தார். ஆனால் 2019இல் கூரைத் திருத்தத்துக்காக வீட்டுக்கு 5,200 பவுண்டு வீதம் கேட்டு ஃப்ரீஹோல்டர் தரப்பிலிருந்து கடிதம் வந்த நாளில்தான் அது எனக்கு உறைத்தது.

மேல்தளத்தில் இருந்தவர் கோபத்தில் சர்வீஸ் சார்ஜ், அதாவது கட்டடப் பராமரிப்புச் செலவில் தன் பங்கு, கட்டுவதையே நிறுத்திவிட்டார். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அவர் எடுத்த வழி அவரையே வருத்தியது. முதலில் வட்டியும் நினைவூட்டல் கடிதங்களுக்கான கட்டணமும் ஏறின. பிறகு வழக்கறிஞர் கடிதம் வந்தது. கடைசியில் அவருக்கு வீட்டுக்கடன் கொடுத்த வங்கிக்கே எழுதினார்கள். லீஸ் பறிபோனால் தன் ஈடும் போய்விடும் என்று அஞ்சிய வங்கி, கேட்ட தொகையைச் செலுத்தி, அதை அவர் கடனோடு சேர்த்துவிட்டது. நிலுவை 350 பவுண்டுக்கு மேற்பட்டிருந்தாலோ மூன்று ஆண்டுக்கு மேல் கிடந்தாலோதான் லீஸைப் பறிக்க முயல முடியும் என்பதும், அதற்கு முன் அந்தக் கடன் உண்மையானதுதான் என்று தீர்ப்பாயமோ நீதிமன்றமோ முடிவு செய்திருக்க வேண்டும் அல்லது நாமே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தால், அவ்வளவு தூரம் போயிருக்காது.

நான் பணத்தைக் கட்டினேன். ஆனால், “இத்தொகையை ஒப்புக்கொள்ளாமல், என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டு செலுத்துகிறேன்” என்று ஒரு கடிதமும் எழுதிச் சேர்த்தேன். பணம் கட்டியதை மட்டும் வைத்து ஒருவர் தொகையை ஒப்புக்கொண்டார் என்று கொள்ளக்கூடாது என்று 1985ஆம் ஆண்டின் நிலவுரிமையாளர், குத்தகையாளர் சட்டத்தின் 27ஏ பிரிவு சொல்கிறது. இருந்தாலும் ஆண்டுக்கணக்காக வாய் திறவாமல் கட்டிக்கொண்டே போனால் அந்த மௌனம் சம்மதமாகப் படிக்கப்படலாம். ஆகவே அந்த ஒரு வரியை எழுதி வைப்பது மிகவும் அவசியம்.

அதன் பிறகுதான் லீஸ் பத்திரத்தை முதன்முறையாக முழுமையாகப் படித்தேன். மூன்று மாலைகள் பிடித்தன. யார் எதைத் திருத்த வேண்டும், செலவில் நம் பங்கு எவ்வளவு, எதையெல்லாம் நம்மிடம் வாங்கலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. பத்திரத்தில் இடமில்லாத செலவை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் கேட்க முடியாது; பத்திரத்தில் தெளிவாக எழுதியிருப்பதை, கொடுமையாகத் தோன்றினாலும், நீதிமன்றம் எளிதில் மாற்றி வாசிக்காது. வேல்ஸில் ஒரு விடுமுறைக் குடில் தொகுதியில், சில பத்திரங்களில் 90 பவுண்டில் தொடங்கிய கட்டணம் ஆண்டுக்கு 10 சதவீதம் கூட்டுவட்டி போல ஏறும் என்று எழுதப்பட்டிருந்தது. அந்த வழக்கில், 2072இல் அது ஐந்து லட்சம் பவுண்டைத் தாண்டும் என்று தெரிந்தும், எழுதியது எழுதியதுதான் என்று 2015இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் பத்திரத்தில் கூரைச் செலவுக்கு இடம் இருந்தது. அடுத்த கேள்வி, முறைப்படி எங்களைக் கலந்தாலோசித்தார்களா என்பது. ஒரு வீட்டின் பங்கு 250 பவுண்டைத் தாண்டும் எந்தப் பெரிய வேலைக்கும் அதே 1985 சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி முதலில் வேலை பற்றிய அறிவிப்பு, பிறகு விலைமதிப்பீடுகள் என இருமுறை எழுதி, ஒவ்வொரு முறையும் 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், தீர்ப்பாயம் விலக்கு அளித்தாலன்றி, வீட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் வாங்க முடியாது. 2013இல் மசுவெல் ஹில் பகுதிக் கட்டடம் ஒன்றைப் பற்றிய தீர்ப்புக்குப் பிறகு, விதிமீறலால் நமக்கு உண்மையில் என்ன பாதிப்பு என்று காட்டினால்தான் விலக்கை எதிர்க்க முடிகிறது. எங்களுக்கு இரண்டு கடிதங்களும் வந்தே இருந்தன. நாங்கள் வேறொரு ஒப்பந்தக்காரரின் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆறு வீட்டில் ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை. அந்த வாய்ப்பு கையை விட்டுப் போனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

மிஞ்சியிருந்தது தொகையின் நியாயம். செலவு நியாயமாக ஏற்பட்டதாகவும் வேலை நியாயமான தரத்தில் இருப்பதாகவும் இருந்தால்தான் அதை வாங்க முடியும் என்பது 19ஆம் பிரிவு. கணக்குச் சுருக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்கினேன். அது கிடைத்த ஆறு மாதத்துக்குள் ரசீதுகளைப் பார்வையிடும் உரிமையையும் பயன்படுத்தினேன். ஃப்ரீஹோல்டருக்காகக் கட்டடத்தைக் கவனிக்கும் நிர்வாக முகவரின் அலுவலகத்தில் ஒரு கோப்பை என் முன் வைத்தார்கள். அதில் சாரம் கட்டியவர்களின் ரசீது 22 வாரத்துக்கு, வாரம் 180 பவுண்டு வீதம் இருந்தது. எனக்கு 22 என்ற எண் இடறியது. தரைத்தளத்தில் தனியாக வசிக்கும் மூதாட்டி, தன் ஜன்னலோரப் பூச்சட்டிகளை ஒவ்வொரு ஞாயிறும் கைபேசியில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பும் பழக்கம் உள்ளவர். அந்தப் படங்களில் பூக்களுக்குப் பின்னால் இரும்புக் குழாய்கள் மார்ச் முதல் வாரத்தில் தோன்றி ஜூன் இரண்டாம் வாரத்தில் மறைந்திருந்தன. பதினான்கு வாரம். எட்டு வாரத்துக்கான 1,440 பவுண்டு, நிற்காத சாரத்துக்கான வாடகை. அதோடு, வேலையை மேற்பார்த்த சர்வேயருக்கு 10 சதவீதம் கொடுத்த பிறகு, அதே மேற்பார்வைக்கு முகவரும் 10 சதவீதம் எடுத்திருந்தார்.

கடிதங்களுக்குப் பதில் வராததால் முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவுக்கு விண்ணப்பித்தேன். வழக்கறிஞர் வைக்கவில்லை, அரசு நிதியில் இயங்கும் குத்தகை ஆலோசனைச் சேவையில் இலவசமாகக் கேட்டறிந்த விவரங்களே போதுமாக இருந்தன. அங்கே தோற்றவர் வென்றவரின் செலவைக் கட்ட வேண்டும் என்ற பொதுவிதி இல்லை என்று பலர் நிம்மதி கொள்கிறார்கள். ஆனால் ஃப்ரீஹோல்டர் தன் வழக்குச் செலவைச் சர்வீஸ் சார்ஜிலேயே சேர்த்து நம்மிடம் வாங்க லீஸ் இடம் தரலாம். அதைத் தடுக்க 20சி பிரிவின் கீழ் ஓர் உத்தரவை விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். வென்ற பிறகும் எதிராளியின் வழக்கறிஞருக்குப் படியளந்தவர்களை நான் அறிவேன்.

தீர்ப்பாயம் ஓர் அட்டவணை தயாரிக்கச் சொன்னது: செலவு, தொகை, என் ஆட்சேபம், எதிர்த்தரப்பின் பதில், கடைசியாகத் தீர்ப்பாயத்துக்கென ஒரு வெற்றுப் பத்தி. சாரத்துக்கு நேரே நான் 14 என்று எழுதி, தேதியிட்ட படங்களை இணைத்தேன். எதிர்த்தரப்பின் பத்தி நிரப்பப்படவேயில்லை. விசாரணைக்கு முன்பே, ஒவ்வொரு வீட்டுக்கும் சுமார் 670 பவுண்டைத் திருப்பி வரவு வைத்து, வழக்குச் செலவையும் எங்கள் தலையில் கட்டுவதில்லை என்று எழுத்தில் தந்தார்கள்.

இப்போது நாங்கள் நிர்வாகத்தையே கையில் எடுக்கும் உரிமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஃப்ரீஹோல்டரின் குற்றத்தை நிறுவத் தேவையில்லை; பாதி வீடுகளாவது சேர வேண்டும். 2025 மார்ச் 3 முதல், வழக்கமான சூழலில், ஃப்ரீஹோல்டரின் செலவை நாம் சுமக்க வேண்டியதும் இல்லை. தரைத்தளத்து மூதாட்டியும் மேல்தளத்தவரும் நானும் கையெழுத்திட ஆயத்தம். எஞ்சிய மூவருக்கும் அழைப்பறிவிப்பு எழுதி, இந்த ஞாயிறு ஒவ்வொரு கதவாகத் தட்டி நேரில் கொடுக்கப் போகிறேன்.