முன்னறைக்கு வெந்நீர் கொண்டுவந்த நான்கு நாட்கள்

தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் பழைய வீட்டைப் புதுப்பித்தபோது, நான்கு குளியலறைகளுக்கும் தனித்தனி கீசர் வேண்டாமென்று 200 லிட்டர் தொட்டியுடன் கூடிய ஹீட் பம்ப் ஒன்றைப் பின்கட்டில் பொருத்தினோம். வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்கு மாற்றும் அந்த இயந்திரத்துக்கு, பனிக்காலமே இல்லாத நம் குமரி மாவட்டம் ஏற்ற இடம்தான். ஆனால் அப்பாவின் அறை வீட்டின் முன்கோடியில் இருந்தது. அங்கே போகும் முக்கால் அங்குலக் குழாயின் நீளம் ஏறத்தாழ 18 மீட்டர் என்பதால், அதற்குள் ஆறிக்கிடக்கும் நாலரை லிட்டரும் வெளியேறிய பிறகே சூடு வரும். குழம்பு என்னும் மூலிகைத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு காத்திருக்கும் அப்பா, "மக்கா, வெள்ளம் எப்ப சூடாவும்?" என்று கேட்காத நாளில்லை.

அதற்காகச் சிறிய சுழற்சிப் பம்பு ஒன்றையும், வெந்நீரைத் தொட்டிக்கே திருப்பும் ரிட்டர்ன் குழாய்களையும் போட்டோம். மாடிக்கு ஒரு கிளை, முன்னறைக்கு ஒரு கிளை. பொருத்தியவர் இரண்டு வால்வுகளையும் முழுவதுமாகத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். தொட்டிக்கு நேர் மேலே இருந்த மாடிக் கிளை குட்டையானது. தடை குறைந்த வழியையே தண்ணீர் தேடுமாதலால், பம்பு தள்ளியதில் பெரும்பகுதி அதன் வழியே சுற்றித் திரும்பியது. குழாயில் கட்டும் வெப்பமானியை வைத்துப் பார்த்ததில் மாடி ரிட்டர்ன் 46 டிகிரி, முன்னறை ரிட்டர்ன் 33 டிகிரி.

முதலில் மாடிக் கிளையிலிருந்த, உள்ளே உருண்டையுள்ள பால் (ball) வால்வைக் குறைத்துப் பார்த்தேன். கைப்பிடி சற்றே அசைந்தாலும் ஓட்டம் எக்கச்சக்கமாக மாறியது. அது திறக்கவும் மூடவும் ஆனதேயன்றி, அளந்து குறைக்க ஆனதல்ல. சிறிது சிறிதாகத் திருகி ஓட்டத்தைக் குறைக்கக்கூடிய குளோப் வால்வாக மாற்றிய பின், ஒவ்வொரு முறையும் கால் சுற்று மட்டும் மூடி, அரைமணி நேரம் காத்திருந்து, இரண்டு அளவுகளையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். அவசரப்பட்டு இரண்டு சுற்று மூடிய அன்று மாடி முழுவதும் குளிர்ந்துபோக, மறுநாள் முதலிலிருந்தே தொடங்க நேர்ந்தது. நான்காம் நாள் 43, 41 என்று வந்ததும் நிறுத்தினேன். இரண்டும் ஒன்றாக வர வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. நீண்ட குழாய் வழியில் கூடுதலாகச் சூட்டை இழக்கத்தான் செய்யும்.

அதன் பிறகும் ஒரு குறை இருந்தது. இரவு 52 டிகிரியில் விட்ட தொட்டி விடியும்போது 45 காட்டியது. பம்பு ஓடாத வேளையில் மாடிக் குழாயைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. வெந்நீர் தானாக மேலேறி, ஆறி, ரிட்டர்ன் வழியே இறங்கிக்கொண்டிருந்தது! பம்பு தள்ளும்போது மட்டும் திறக்கும், ஸ்பிரிங் வைத்த நான்-ரிட்டர்ன் (non-return) வால்வு ஒன்றைச் சேர்த்து, குழாய்களுக்கு நுரை உறையும் போட்ட பிறகு காலையில் 50 நின்றது.

பம்பைப் பகல் முழுதும் ஓடவிட்டதும் என் தவறே. அது தொட்டியின் மேல்பகுதியில் நிற்கும் சூடான நீரையும் அடியிலுள்ள குளிர்ந்த நீரையும் கலக்கிவிட்டதால், இயந்திரம் அடிக்கடி இயங்கியது. இப்போது டைமர் காலை 5:30 முதல் 8 வரையும், மாலை இரண்டு மணி நேரமும் மட்டும் பம்பை ஓட்டுகிறது. ஹீட் பம்ப், காற்று சூடாயிருக்கும் 11 முதல் 3 மணிக்குள் வேலையை முடித்துவிடுகிறது. எட்டும் வெப்பநிலையை 58-லிருந்து 52-க்குக் குறைத்தேன்; இலக்கு உயர உயர இயந்திரத்தின் திறன் குறையும். கிருமி தங்காதிருக்க, வாரம் ஒருமுறை மட்டும் 60-க்கு ஏற்றுகிறேன். மழைக்காலத்தில் ஈரக்காற்றிலிருந்து இயந்திரம் வடிக்கும் தண்ணீர் ஒரு வாளி நிறையும். அது வாழை மூட்டுக்குப் போகிறது.

சென்ற மாதம் கழுவித் துடைக்க வந்தவர் குளோப் வால்வை அறியாமல் திறந்துவிட, முன்னறை மறுபடி குளிர்ந்தது. நோட்டைப் பார்த்து பழைய நிலைக்குத் திருப்பி, கைப்பிடியிலும் வால்வின் உடலிலும் ஒரே நேர்கோட்டில் சிவப்பு நகப்பூச்சால் குறியிட்டு வைத்திருக்கிறேன்.