மலைக் கிளையில் கைகொடுத்த நூல்கள்

கொடைக்கானலில் ஒரு வங்கிக் கிளையின் விவசாயக் கடன் பிரிவைக் கவனித்துவந்த ஆண்டுகளில், சுயமுன்னேற்ற நூல்களையும் பாட்காஸ்ட்களையும் தேடித் தேடிப் படித்தும் கேட்டும் வந்தேன். பயிற்சி வகுப்புகளில் பரிந்துரைக்கப்படும் பட்டியல்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் வசதி படைத்த ஒருவரை மனத்தில் வைத்தே அந்த நூல்களில் பல எழுதப்பட்டிருக்கின்றன என்பது கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு விரைவிலேயே விளங்கிவிடும். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எனப் பல ஊர்களிலிருந்து வருபவர்கள் ஒரே பேருந்தில் வந்திறங்கி, திரும்பும் பேருந்துக்குள் வேலை முடிய வேண்டும் என்று காத்திருக்கும்போது, காலையின் முதல் இரண்டு மணி நேரத்தை எவருக்கும் தராதீர்கள் என்ற அறிவுரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே, என் வேலையில் உள்ள எந்தச் சிக்கலை இந்த நூல் தீர்க்கும் என்று கேட்டுக்கொண்ட பிறகே நூல்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினேன்.

அந்தக் கேள்விக்கு மிகத் தெளிவாக விடை தந்தது, அறுவை மருத்துவரான அதுல் கவாண்டே 2009இல் வெளியிட்ட 'தி செக்லிஸ்ட் மேனிஃபெஸ்டோ'. புத்தகக் கடைகளில் இதைச் சுயமுன்னேற்ற வரிசையில் வைப்பது அரிது. என்னைக் கேட்டால் அந்த வரிசையின் முதல் நூலாக இதைத்தான் வைப்பேன். அதில் வரும் ஒரு நிகழ்ச்சி இது: 1935இல் அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் மாடல் 299 விமானம், சோதனைப் பறப்பின்போது மேலெழுந்த சற்று நேரத்தில் கீழே விழுந்தது. நல்ல அனுபவமுள்ள விமானியே அதை ஓட்டினார், இயந்திரத்திலும் பழுதில்லை. தரையில் நிற்கும்போது விமானத்தின் கட்டுப்பாட்டுப் பாகங்கள் காற்றில் ஆடாதிருக்கப் போடும் பூட்டை விடுவிக்க மறந்திருந்தார்கள், அவ்வளவுதான். விமானிகளின் கைக்குச் சரிபார்ப்புப் பட்டியல் வந்தது அதன் பிறகே. அதே முறையைப் பின்பற்றி, உலக சுகாதார நிறுவனத்துக்காகக் கவாண்டே குழுவினர் உருவாக்கிய 19 அம்சப் பட்டியலை எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்தபோது, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது.

எங்கள் பிரிவில் உயிர் போகும் ஆபத்து இல்லையென்றாலும், மறதிக்கு விலை இருந்தது. அப்போது பயிர்க்கடனில் 3 லட்சம் ரூபாய் வரை வட்டி 7 சதவீதமாக இருந்தது. கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை கிடைத்து, விவசாயி செலுத்துவது 4 சதவீதமாகிவிடும். கெடு தவறினால் அந்தச் சலுகை இல்லை. மலைப்பூண்டை வடுகபட்டிச் சந்தையில் விற்று வந்த பணத்தை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு கவுஞ்சியிலிருந்து வந்த ஒரு பெரியவர், பாலித்தீன் உறைக்குள் மடித்து வைத்திருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எல்லாம் சரியாக இருந்தும், நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் மட்டும் போன பசலிக்கானதாக, அதாவது முந்தைய வருவாய் ஆண்டுக்கானதாக, இருந்தது. "முன்னாடியே சொல்லியிருந்தா ஒரே தடவையில கொண்டாந்திருப்பேனே, சார்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வாரமே, சரிபார்க்க வேண்டியவற்றைப் பட்டியலிட்ட அரைப்பக்க அட்டை ஒன்றைத் தயாரித்து, கடன் கேட்டு வருவோருக்கெல்லாம் கொடுக்கத் தொடங்கினோம்.

ஒரு பட்டியலில் பொதுவாக ஐந்து முதல் ஒன்பது வரையிலான அம்சங்களே இருக்கலாம், தவறினால் பெரிய கேடு விளைவிப்பவை மட்டுமே இடம்பெற வேண்டும் என்று கவாண்டே தம் நூலில் எடுத்துச் சொல்லும் விதியைக் காப்பாற்றுவதுதான் கடினமாக இருந்தது. அலுவலகத்தில் ஆளுக்கொன்றைச் சேர்க்கச் சொன்னார்கள். (சுற்றறிக்கை எழுதுவோர் அந்த விதி வரும் அத்தியாயத்தையாவது படிக்கலாம்.) எல்லோருடைய யோசனைகளையும் ஏற்றிருந்தால் அட்டை இன்னொரு விண்ணப்பப் படிவமாகியிருக்கும். கடைசி அம்சமாக நாங்கள் வைத்தது, அடுத்த கெடுத் தேதியை விவசாயியின் வாயாலேயே சொல்லக் கேட்ட பிறகு அனுப்புவது.

ஸ்டீஃபன் கோவி ஏழு பழக்கங்களைப் பற்றி 1989இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், முதல் பழக்கத்தை விளக்கும் பகுதி மட்டுமே எனக்குப் பயன்பட்டது. நாம் கவலைப்படும் விஷயங்களை ஒரு வட்டமாகவும், அவற்றுள் நம்மால் மாற்றக்கூடியவற்றை அதற்குள் ஒரு சிறு வட்டமாகவும் பிரித்துக் காட்டுகிறார். பூண்டு விலை, பருவம் தப்பிய மழை, நடுப்பகலில் படுத்துவிடும் சர்வர் ஆகிய மூன்றும் எங்கள் கிளையில் ஓயாத பேச்சு. மூன்றுமே வெளிவட்டத்தைச் சேர்ந்தவை. சர்வர் திரும்பி வருவதற்குள் தாள்களைச் சரிபார்த்து முடிப்பதோ கைக்குள் இருப்பது. அவசரமானவை, முக்கியமானவை என்று வேலைகளைக் கட்டம் போட்டுப் பிரிக்கச் சொல்லும் அவருடைய பிற்பகுதி, கவுண்டர் வேலைக்கு ஒத்துவரவில்லை. வரிசையில் நிற்பவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலை அவசரமும் முக்கியமும்தான்.

கோபத்தோடு வருபவரை எதிர்கொள்ள, உணர்வுசார் நுண்ணறிவை எளிய தமிழில் விளக்கும் சோம. வள்ளியப்பனின் 'இட்லியாக இருங்கள்' நூலைச் சக ஊழியர்கள் கைமாற்றிப் படித்தோம். ஆங்கிலத்தில் தடித்த நூல்களைத் தேடுவதற்கு முன் இதைப் படிப்பது நல்லது.

கேட்பதற்கானவற்றில், சங்கர் வேதாந்தம் நடத்தும் 'ஹிடன் பிரெய்ன்' பாட்காஸ்ட்டைப் பயிர் ஆய்வுக்கு மேல்மலை செல்லும் வழியில் கேட்பேன். சில கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் சிக்னல் போய்விடும் என்பதால், டவுனிலேயே பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். மனிதர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை ஆய்வாளர்களுடன் பேசி விளக்கும் நல்ல நிகழ்ச்சி அது. ஆயினும் பேசக் கற்றுத் தந்தவர் என்று நான் சொல்வது, அகில இந்திய வானொலியில் 'இன்று ஒரு தகவல்' வழங்கிய தென்கச்சி கோ. சுவாமிநாதனைத்தான். குரலை உயர்த்தாமல், ஒரு செய்தியைச் சில நிமிடங்களில் சொல்லி, சிரிக்கவைத்து முடித்துவிடுவார். அந்தப் பதிவுகளை இப்போதும் இணையத்தில் கேட்கலாம். ஊர்களில் நடக்கும் கடன் முகாம்களில் வட்டிச் சலுகையை விளக்கும்போது அவருடைய முறையையே பின்பற்றினேன்: முதலில், கெடுவைத் தவறவிட்டவருக்கும் தவறவிடாதவருக்கும் இடையில் ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய் வித்தியாசம் என்பதை ஒரு சிறு கதையாகச் சொல்வேன், பிறகு விதி, அதன்பின் அவர்கள் கேள்வி கேட்பதற்காக மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.