விசார்ட்ரி தொடர்: முதல் பாகம் முடிந்தது, இரண்டாவதில் இறங்கியாச்சு

ஆறு பேர் கொண்ட குழுவோடு பாதாள நிலவறையில் இறங்கிச் சண்டை போடும் கணினி கேம் விசார்ட்ரி, அதன் முதல் பாகத்தை முடித்துவிட்டேன். நிலவறையின் பத்தாவது தளத்தில் காத்திருந்த தீய மந்திரவாதி வெர்ட்னா வீழ்ந்தான், அவனிடமிருந்து மீட்க வேண்டிய தாயத்து கைக்கு வந்தது. ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் வுட்ஹெட்டும் ஆப்பிள் 2 கணினிக்காக உருவாக்கி, சர்-டெக் 1981-இல் வெளியிட்ட கேம் இது. டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் 2024-இல் முடித்த மறுஆக்கம் பார்க்க அருமையாக இருக்கிறது. ஆனாலும் பழைய பதிப்பைத்தான் எடுத்தேன். அதில் மேப்பை நாமே வரைய வேண்டும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஒவ்வொரு தளமும் 20-க்கு 20 கட்டம். கிராஃப் தாளில் தளத்துக்கு ஒரு பக்கம். கேட்க எளிதுதான், ஆனால் வடக்கு ஓரத்தைத் தாண்டினால் தெற்கு ஓரத்தில் வந்து நிற்போம். சில கட்டங்களில் கால் வைத்ததும் நம்மைச் சத்தமில்லாமல் வேறு திசைக்குத் திருப்பிவிடும். இருட்டுப் பகுதியில் சுவரே தெரியாது. அப்போது கைகொடுப்பது டூமாபிக் மந்திரம். படிக்கட்டிலிருந்து கிழக்கே, வடக்கே எத்தனை கட்டம், எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்று சொல்லிவிடும். ஆனால் எதிரிகளைத் தூங்கவைக்கும் காட்டினோவும் அதே முதல் நிலை மந்திரம், இரண்டுக்கும் ஒரே இருப்பு. இடம் தெரிந்துகொள்ள ஒரு முறை செலவழித்தால், அடுத்த சண்டையில் தூங்கவைக்க ஒரு முறை குறையும். ஆரம்பத் தளங்களில் ஒவ்வொரு முறையும் இதை யோசித்து யோசித்துத்தான் நகர்ந்தேன்.

நான்காவது தளத்தில் என் குழுவின் ஆறு பேரும் இறந்தார்கள். இந்த கேமில் அத்தோடு கதை முடியாது. உடல்கள் அங்கேயே கிடக்கும், புதிய குழுவை உருவாக்கிப் போய்த் தூக்கி வர வேண்டும். குழுவில் மொத்தம் ஆறு இடம்தான். நாலு பேர் போனால் இரண்டு உடல்களைத்தான் கொண்டுவர முடியும். முதல் தளத்தில் மர்ஃபியின் ஆவிகளோடு திரும்பத் திரும்ப மோதி (அடி பெரிதாக இல்லை, அனுபவப் புள்ளி அள்ளித் தரும்) புதியவர்களைத் தேற்றினேன். அப்புறம் பழைய குழு நடந்து வரைந்த மேப்பைப் பார்த்தே நேராக அந்த இடத்துக்குப் போனார்கள். கோவிலில் காசு கட்டி உயிர்ப்பித்ததில் ஒருவன் சாம்பலானான், அடுத்த முயற்சியில் அதுவும் போய் நிரந்தரமாக இல்லாமலே போனான். எந்த கேமிலும் ஒரு பெயர் அழிந்ததற்கு நான் இப்படி வருத்தப்பட்டதில்லை.

லிஃப்டுக்கு அனுமதிச் சீட்டு போன்ற நீல ரிப்பன் கிடைத்தபின் அது நான்காவதிலிருந்து ஒன்பதாவது வரை போகும். இடையில் உள்ள தளங்களை மிதிக்காமலேயே முடிக்கலாம். நான் எல்லாவற்றையும் நடந்தே வரைந்தேன். அவசரமில்லாதவர்கள் அப்படியே செய்யுங்கள். எத்தனை கட்டம், எத்தனை தளம் என்று எண்களைக் கொடுத்தால் அந்த இடத்துக்கே கொண்டுபோகும் மலோர் மந்திரத்தை நம்பிப் பயன்படுத்த முடிந்ததும் அதனால்தான். எண் தப்பினால் பாறைக்குள் போய் மொத்தக் குழுவும் காலி.

இப்போது 1982-இல் வந்த இரண்டாம் பாகம், ‘நைட் ஆஃப் டயமண்ட்ஸ்’. முதல் பாகத்து ஆட்களே இதிலும் வருகிறார்கள், தளங்கள் ஆறுதான். வைர வீரனின் வாள், கேடயம், கவசம் என ஐந்து பொருள்களைத் திரட்ட வேண்டும். எதிரிகள் முதல் படியிலேயே பலமாக இருக்கிறார்கள். முதல் தளத்தின் மேற்குப் பாதி வரைந்தாயிற்று, கிழக்குப் பக்கம் பாக்கி.