கச்சானில் நட்ட மரம்

ஜூன் 5, உலகச் சுற்றாடல் தினம் வந்தால் எங்கள் பங்கிலும் மரம் நடுவோம். பூசை முடிந்ததும் பாதர் முதல் கன்றை நடுவார், பிறகு மறைக்கல்விப் பிள்ளைகள், பிறகு பங்குச்சபைக்காரர், எல்லோரும் போனைப் பார்த்துச் சிரித்து முடிய யாராவது ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார்கள். நாலு வருடக் கன்றுகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்று தப்பியிருக்கிறது, அதுவும் கைகழுவும் பைப்புக்குப் பக்கத்தில் நட்ட புண்ணியத்தால்.

திருகோணமலையில் ஜூன் எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கச்சான் காற்று அடிக்கிற காலம். தென்மேல் காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி நம் பக்கம் இறங்கும், துணி காயப்போட்டால் அரைமணியில் மொறுமொறு. நமக்கு மழை ஒக்டோபரில் எட்டிப் பார்த்து, நவம்பர், டிசம்பரில்தான் கொட்டும். அப்படியிருக்க, ஐக்கிய நாடுகள் சபை குறித்த உலகச் சுற்றாடல் தினத்துக்கு இங்கே கன்று நடுவது, பாவம், கன்றுக்குச் செய்கிற கொலை.

காலநிலை மாற்றத்துக்குக் கோயில் என்ன செய்யலாம் என்று இளைஞர் ஒன்றியத்தில் ஒரு பேச்சு வந்தது, அதற்குத்தான் இதைச் சொன்னேன். வெளியிலிருந்து வருகிற நாளையும் திட்டத்தையும் அப்படியே இறக்காமல், நம் மழையையும் நம் திருநாட்களையும் வைத்து யோசிப்போம் என்று.

படைப்பின் காலம் என்று செப்டெம்பர் 1 முதல் ஒக்டோபர் 4 வரை பல சபைகள் கடைப்பிடிக்கின்றன. செப்டெம்பர் 1-ஐப் படைப்புக்காகச் செபிக்கும் நாளாக 1989-இல் முதலில் அறிவித்தவர் கொன்ஸ்தாந்திநோப்பிளின் மரபுவழிச் சபை முதுபிதா திமித்ரியோஸ், ஒக்டோபர் 4 அசிசி பிரான்சிஸ் திருநாள். நல்லது, செபிப்போம். ஆனால் இங்கே அதுவும் வறட்சியின் வால்தான். அந்த மாதத்தில் வேப்பங்கன்று, நாவல் கன்று, பூவரசம் கொப்பு என்று பையில் போட்டு வளர்க்கலாம், கோயில் வளவில் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலைத் துப்புரவாக்கலாம். நடுவதற்கு நாள் நவம்பர் 2.

அது கல்லறைத் திருநாள், அன்றைக்குச் சேமக்காலைக்கு வராத குடும்பம் இல்லை. கொழும்பிலிருந்தும் வருவார்கள், வெளிநாட்டிலிருந்தும் சிலர். எல்லோர் கையிலும் மெழுகுதிரியும் பூவும் இருக்கும், அந்தப் பூவில் பாதி பிளாஸ்டிக். (பிளாஸ்டிக் மாலைக்கு 2023 ஒக்டோபரிலிருந்து இந்த நாட்டில் தடை, இடியப்பத் தட்டுக்கும்தான், ஆனால் சேமக்காலையைப் பார்த்தால் அப்படித் தெரியாது.) அதற்குப் பதிலாக அம்மா பேரில், அப்பா பேரில் மதிலோரமாக ஒரு கன்று. கல்லறைக்குக் கிட்ட வேண்டாம், வேர் கல்லறையை வெடிக்க வைக்கும். நட்ட கையோடு மழை வந்துவிடும், இரண்டு மாதத்துக்கு யாரும் வாளி தூக்கத் தேவையில்லை, அடுத்த கச்சானுக்குள் வேர் கொஞ்சம் இறங்கியிருக்கும். இன்னொன்று, பாதர் நட்ட மரத்துக்கு யாரும் பொறுப்பில்லை, அம்மா பேரில் நட்ட மரம் வாடினால் பிள்ளைகள் சும்மா இருக்கமாட்டார்கள்.

ஒரு மாமா எழும்பி, "தம்பி, நோவாவுக்குக் கடவுள் வாக்குக் கொடுத்தவர், இனி வெள்ளத்தால உலகத்தை அழிக்கமாட்டன் எண்டு. பிறகு ஏன் பயப்படுறியள்?" என்றார். மாமா, அவர் அழிக்கமாட்டேன் என்றுதான் சொன்னார், நாங்கள் வாய்க்காலை மூடி மதில் கட்டிவிட்டு மூழ்கினால் அது அவர் கணக்கில் வராது என்றேன். சிரித்தார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

பயம் சும்மா வரவில்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரவி புயல் எங்களுக்கு வடக்கே கரை ஏறியது. கடல் சூடானால் புயலுக்குத் தீனி கூடும், காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் ஏறக்குறைய 7 வீதம் கூடுதலாக நீராவியைப் பிடிக்கும், அதனால் கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டும். புயல் வருகிற காலமும் நமக்குத் திருவருகைக் காலம்தான், கிறிஸ்மஸ் குடில் கட்டுகிற நேரம். அந்த நேரத்தில் கோயிலிடம் இருக்கிற பெரிய சொத்து மண்டபமும் கிணறும் மட்டுமல்ல, எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யாருக்கு நடக்க ஏலாது, யார் வீட்டுக் கூரை தகரம் என்கிற விபரம். நோயாளிகளுக்கு வீடு வீடாக நற்கருணை கொண்டுபோகிறவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். அதை நவம்பருக்கு முன்னால் ஒரு கொப்பியில் எழுதி, எந்த வீட்டுக்கு யார் போவது என்று பிரித்துவிட்டால் போதும். அந்தக் கொப்பியில் சைவ வீடும் முஸ்லிம் வீடும் இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம், வெள்ளம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வருவதில்லை.

குளிரூட்டி பூட்டுகிற கதையும் வந்தது. பெரிய வெள்ளி வழிபாட்டில் வேர்த்துக் கொட்டுகிறது, உண்மைதான். ஆனால் கடற்காற்றுக்கென்று வைத்த பெரிய ஜன்னல்களுக்குக் கண்ணாடி அடித்து மூடியதும் நாங்கள்தான். முதலில் அதைத் திறந்து பார்ப்போம். கூரையில் சோலர் போடுவதற்கு நான் முழு ஆதரவு: பகலில் கோயில் பூட்டியே கிடக்கிறது, அந்த மின்சாரம் அப்படியே பொது மின்வலைக்குப் போய் எங்கள் கணக்கில் ஏறும். எங்கள் மாவட்டத்துச் சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வரும் என்று பயந்திருந்தோம், 2016-இல் அதைக் கைவிட்டார்கள், இப்போது அங்கே பேச்சு சூரிய மின்சாரம்தான்.

பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரியில் இங்கே வந்து மடு மாதாவிடமும் போனார். கொழும்பிலிருந்து மணிலாவுக்குப் போகிற விமானத்தில் பத்திரிகையாளர் கேட்டபோது, காலநிலை மாற்றத்துக்குப் பெரும்பாலும் மனிதன்தான் காரணம் என்றார். அதே வருடம் ஜூனில்தான் படைப்பைக் காப்பது பற்றி அவர் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடல் வெளிவந்தது. ஜூன் பூசையில் அதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன், நல்ல பிரசங்கம், முடிந்ததும் வெளியே வந்து மரம் நட்டோம்.

சரி, இந்த முறை நான் முந்திக்கொண்டேன். கொல்லையில் பதினெட்டு வேப்பங்கன்று பால்மாப் பையில் நிற்கிறது. நின்றது. பக்கத்து வீட்டு ஆடு வந்ததில் இப்போது பதினான்கு. நவம்பர் 2-க்கு யாருக்காவது வேண்டுமென்றால் முதலே சொல்லுங்கள், கன்றோடு முள்ளுக்கம்பியும் கொண்டுவரவேண்டும்.