லோசர் வரை

ஜூன் 28, கல்பா

இமாச்சலத்தில் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கு நானும் வீட்டுக்காரரும் ஒரே பைக்கில். ரெக்காங் பியோவில் டேங்க் நிரப்பியாச்சு. கேனில் ஐந்து லிட்டர் தனியாக வாங்கி கிராஷ் கார்டில் கட்டியிருக்கிறார் இவர். இனி பங்க் என்றால் காஜாதான், சுமார் 200 கிலோமீட்டர். எதிரே கின்னர் கைலாஷ் மலை மேகத்துக்குள் போனதுதான், வெளியே வரவில்லை.

அத்தை போன் செய்தார். "அவன் ஒழுங்கா சாப்பிடறானா?" நான் சாப்பிடுகிறேனா என்பது கேள்வியிலேயே இல்லை.

ஜூன் 29, நாக்கோ

காப் பாலத்தில் நின்று ஸ்பிதி ஆறு வந்து சட்லெஜில் விழுவதைப் பார்த்தோம். அதற்கப்புறம் ஏற்றம்தான், வளைவுக்கு மேல் வளைவு. வால்பாறையின் 40 கொண்டை ஊசியையும் ஓட்டிய திமிர் எங்கள் இரண்டு பேருக்கும் உண்டு. இங்கே வந்ததும் அடங்கிவிட்டது. வால்பாறையில் காடு இருக்கிறது. விழுந்தாலும் ஏதாவது மரம் தடுக்கும் என்று மனசு நம்பும். இங்கே புல்கூட இல்லை. மலை மொத்தமும் உதிரி மண், நடுநடுவே செருகிய கல்.

வண்டியும் மூச்சு வாங்குகிறது. இரண்டாவது கியரில் இழுக்க வேண்டிய இடத்தில் முதலுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. நல்லவேளை, வண்டி எதையும் மறைப்பதில்லை.

ஜூன் 30

இரவு இரண்டு மணிக்கு விழித்தால் இவர் தலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், "தூக்கம் வரல அம்மிணி, அவ்வளவுதான்."

ஜூலை 1, தாபோ

நாக்கோ தாண்டியதும் மல்லிங்கில் நிறுத்திவிட்டார்கள். சாலை வேலை செய்யும் பையன்கள், ஜார்கண்டாம். அதில் ஒருவனுக்கு மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பதுதான் வேலை. வாயில் விசில். கல் உருண்டால் ஊதுவான், மற்றவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். முகம் முழுக்க வெள்ளைத் தூசி. விசிலைக் கடித்துக் கடித்து உதட்டில் மட்டும் ஈரம். எங்களைக் கை காட்டி அனுப்பும்போதுகூட அவன் கண் கீழே இறங்கவில்லை.

நானும் அண்ணாந்தேதான் போனேன். பின்னால் உட்காருகிறவளுக்கு வேறென்ன வேலை. ஓட்டுகிறவர் சாலையைப் பார்த்தால் போதும். நான் மலையையும் பார்க்க வேண்டும், அவர் ஹெல்மெட்டையும் பார்க்க வேண்டும். ஹெல்மெட் லேசாக இடப்பக்கம் சாய்ந்தால் தலை வலிக்கிறது என்று அர்த்தம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெரியும். சாங்கோ வரை சாய்ந்தே இருந்தது.

தாபோ மடம் 996-இல் கட்டியது. வெளியே பார்த்தால் மண் குதிர்களை வரிசையாக வைத்த மாதிரி இருக்கிறது. உள்ளே போனால் இருட்டு, மேலிருந்து கொஞ்சம் வெளிச்சம், சுவரைச் சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேலே சுதை உருவங்கள் சம்மணமிட்டு நம்மைப் பார்க்கின்றன. படம் எடுக்கக்கூடாது, நல்லது. இவர் ஓரமாக உட்கார்ந்து சுவரோவியத்தை ரசிக்கிறார் என்று நினைத்தேன். கிட்டே போனால் கண் மூடியிருக்கிறது.

சாயங்காலம் தெளிந்துவிட்டார். "பார்த்தியா, ஒண்ணுமில்ல." ஒண்ணுமில்லையாம். நாக்கோவைவிடத் தாபோ கிட்டத்தட்ட 400 மீட்டர் கீழே இருக்கிறது. வைத்தியம் பார்த்தது இறக்கம்தான். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினேன். 88.

ஜூலை 2, காஜா

பாதித் தூரம் நான் ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்து பிரேக் மிதித்துக்கொண்டே வந்தார். சுகமான நாள்.

அறைக்கு வந்ததும் சண்டை. பெட்டியில் அசிட்டசோலமைடு, மலை உயரத்துக்கான மாத்திரை, அட்டை அப்படியே இருக்கிறது, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. ஊரில் டாக்டரிடம் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டியவர்தான். கேட்டால், அதைப் போட்டால் விரல் நுனியெல்லாம் குறுகுறுக்கும், கிளட்ச் எப்படிப் பிடிப்பது என்கிறார். குறுகுறுக்கும் என்பது உண்மைதான். அதற்காகத் தலைவலியோடு பள்ளத்தின் ஓரம் ஓட்டுவது எந்த ஊர் நியாயம்? எனக்குக் கோபம் வலி வந்ததற்கு இல்லை. வலியை வைத்துக்கொண்டு என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, இல்லை என்று சொல்வதற்கு. அந்த வண்டியில் நானும்தானே இருக்கிறேன்?

இரவு சாப்பாடு பேசாமல் முடிந்தது. துக்பா என்கிற நூடுல்ஸ் சூப் நன்றாக இருந்தது, அதையும் சொல்லவில்லை.

ஜூலை 3

மாத்திரை போட்டுக்கொண்டார். பாதிதான். என் முன்னால் போட்டார்.

ஜூலை 4

காஜாவிலேயே. எல்லோரும் ஹிக்கிம் போய் தபால் கார்டு போட்டுவிட்டு வருகிறார்கள். 4,400 மீட்டருக்கு மேலே ஒரு தபால் நிலையம், சரி. கார்டில் எழுத எனக்கு ஒன்றுமில்லை. செயினுக்கு எண்ணெய் விட்டோம். கடையில் சீபக்தார்ன் பழ ஜூஸ், நல்ல புளிப்பு. அவர் விரலில் ஆக்ஸிமீட்டர் 91 காட்டியது. விரல் குறுகுறுக்கிறது என்று நாள் முழுக்க முறையிட்டார். அதைக் கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷம்.

ஜூலை 6, லோசர்

சோதனைச் சாவடியில் பெயர் எழுதும்போதே சொல்லிவிட்டார்கள், குன்சும் கணவாய்க்கு அந்தப் பக்கம் வழி இல்லை, நாலாவில், அதாவது மலை ஓடையில், தண்ணீர் ஏறிவிட்டது. வந்த இரண்டு லாரிகளும் ஓரமாக நிற்கின்றன.

தண்ணீரைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை. கணவாய் இறங்கினால் பாத்தல், அங்கிருந்து கிராம்பூ வரை சுமார் 50 கிலோமீட்டர், காகிதத்தில் அதற்கு தேசிய நெடுஞ்சாலை 505 என்று பெயர். நிஜத்தில் ஆற்றுப்படுகைக் கல்லும் குறுக்கே பாயும் பனி உருகின தண்ணீரும்தான். விடியற்காலையில் கணுக்கால் அளவு இருக்கும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, மத்தியானம் அதே இடத்தில் முழங்காலுக்கு மேலே போகும். அடியில் கல் உருள்கிற சத்தம் கேட்கும் என்றார் லாரிக்காரர். தண்ணீர் வெள்ளையாக இருப்பதால் கல் கண்ணுக்குத் தெரியாதாம். முதல் கியர், பாதி கிளட்ச், நடுவில் விடவே கூடாது, எதிர்க்கரையைப் பார்க்க வேண்டும், தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றும். பின்னால் இருப்பவர் இறங்கி நடக்க வேண்டும்.

இறங்கி நடப்பது நான். பாதி கிளட்ச் பிடிக்கப்போவது குறுகுறுக்கிற அந்த விரல்கள். மாத்திரை போடச் சொல்லிச் சண்டை போட்டதும் நான்தான். இதை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் கணக்கு நேராகவில்லை.

அங்கே முடிந்தால் அடல் சுரங்கம். 9 கிலோமீட்டர் தார், கூரை, விளக்கு. கோயில் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 7

வழி இல்லை. பட்டாணி வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

காலையிலிருந்து எனக்கு வலிக்கிறது. பின்மண்டையில் ஆரம்பித்துக் கண் வரை. போர்வைக்குள் விரலை மாட்டிப் பார்த்தேன், 83. சொல்லவில்லை. சொன்னால் வண்டியைக் காஜாவுக்குத் திருப்பிவிடுவார், அப்புறம் மறுபடி முதலிலிருந்து. அவர் மறைத்ததும் இதுவும் ஒன்றில்லை, நான் ஓட்டவில்லையே.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"தூக்கம் வரலீங்க."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் மாத்திரை அட்டையை எடுத்து என் தலையணைப் பக்கம் வைத்துவிட்டு டீ சொல்லப் போனார். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூலை 8, லோசர்

நேற்று சாயங்காலம் பாத்தலிலிருந்து ஒரு ஜீப் வந்து சேர்ந்திருக்கிறது, கதவுக் கைப்பிடி வரை சேறு. காலையில் போனால் போகலாமாம். குன்சும் 4,551 மீட்டர், கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் அறுபது சதவீதம்கூடக் கிடையாது. ஆனால் அங்கே நிற்கப் போவதில்லை. குன்சும் தேவி கோயிலை ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கிவிடலாம் என்கிறார். காஜாவுக்குத் திரும்பலாம் என்றும் அவரேதான் சொல்கிறார். முடிவு என் கையிலாம். இத்தனை நாளில் இல்லாத மரியாதை.

மாத்திரை பாதி போட்டேன். 85. இரவு பத்துக்கு இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அவர் வெளியே கேனில் இருந்ததை டேங்கில் ஊற்றிக்கொண்டிருக்கிறார், எந்தப் பக்கம் போனாலும் வேண்டும் என்று.