இந்தியா கேட் புல்வெளியில் சப்பாத்தி சாப்பிடக் கூடாதாம்

முதலில் அந்த ஆட்டோ விஷயத்தைக் கொட்டிவிடுகிறேன், அப்புறம்தான் மற்றது எழுத வரும். பஹாட்கஞ்ச் லாட்ஜிலிருந்து இந்தியா கேட் போக நானூறு கேட்டார். ஐந்து கிலோமீட்டர்கூட வராத தூரம். பேரம் பேசி இருநூற்றைம்பதுக்கு ஏறினோம். பாதி வழியில் ஏதோ ஒரு ரவுண்டானாவில் நிறுத்தி, முன்னால் சாலை மூடியிருக்கிறது, இறங்குங்கள் என்றார். பணம் மட்டும் முழுசாக வேண்டுமாம். ஜூலை மாத தில்லி வெக்கையில் 64 வயது அம்மாவை நடக்க வைத்துக்கொண்டு போனதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. தயவுசெய்து மெட்ரோவில் போங்கள். புதுதில்லி ஸ்டேஷனிலிருந்து மஞ்சள் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் சென்ட்ரல் செக்ரடேரியட், ஆளுக்கு முப்பது ரூபாய்கூட ஆகாது.

நாங்கள் இதற்கு முன் அங்கே போனது 2009 மே மாதம், ஹரித்வார் போய்விட்டுத் திரும்பும் வழியில். அப்போது இந்தியா கேட்டிலிருந்து போகும் பெரிய சாலைக்கு ராஜ்பத் என்று பெயர். ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தப் புல்வெளி முழுக்கக் குடும்பங்கள். பெட்ஷீட் விரித்து, டிபன் கேரியரைத் திறந்து வைத்து, குழந்தைகளைப் பக்கத்திலேயே தூங்கப் போட்டுவிட்டு, வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தார்கள். சாலை ஓரம் நீளத்துக்கும் ஐஸ்கிரீம் வண்டிகள். புல் அங்கங்கே சொட்டை விழுந்து மண்ணாக இருந்தது, குப்பையும் இருந்தது, கழிப்பறை தேடி அம்மா பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஆனாலும் அந்த ராத்திரி எங்கள் வீட்டில் இன்றுவரை பேசப்படும் ராத்திரி.

இப்போது அந்தச் சாலையின் பெயர் கர்த்தவ்ய பத். பிரிட்டிஷார் 1911-ல் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்து, கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வரைபடம் போட்டு, 1931-ல் புதுதில்லியைத் திறந்தபோது வைத்த பெயர் கிங்ஸ்வே. சுதந்திரத்துக்குப் பிறகு ராஜ்பத். 2022 செப்டம்பரில் எல்லாவற்றையும் புதுப்பித்துத் திறந்தபோது மூன்றாவது பெயர்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். இடம் பளபளவென்று இருக்கிறது. இரண்டு பக்கமும் சிவப்புக் கிரானைட் நடைபாதை, வாய்க்கால்களுக்கு மேல் சின்னச் சின்னப் பாலங்கள், சாலையைக் கடக்க அடிப்பாதை, நடைபாதை நெடுக விளக்கு. கழிப்பறைகள் சுத்தமாக இருக்கின்றன, அம்மா உள்ளே போய்விட்டு வந்து, இதுக்காகவே இன்னொரு தடவை வரலாம்டா என்றார். சக்கர நாற்காலியில் ஒரு தாத்தாவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், 2009-ல் அது நடந்திருக்காது.

சரி, நடந்த களைப்பில் புல்லில் உட்கார்ந்தோம். ரயிலுக்குக் கட்டியதில் மிச்சம் இருந்த சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் அம்மாவின் பையில் இருந்தது. தூக்கு மூடியைத் திறந்திருப்பார், அவ்வளவுதான், விசில். ஒரு காவலர் வேகமாக வந்து, இங்கே சாப்பிடக் கூடாது, உணவுக் கடைகள் இருக்கும் பகுதிக்குப் போங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. விதி அப்படி. ஆனால் அந்தக் கடைப் பகுதியில் விலையைப் பார்த்ததும் அம்மா தூக்கை மறுபடி பைக்குள் திணித்துக்கொண்டு, பசிக்கலைடா என்று சொன்னார் பாருங்கள், அந்த இடத்தில்தான் எனக்குத் தாங்கவில்லை. கையில் சோறு வைத்திருக்கிற ஏழைக் குடும்பம் தலைநகரத்தின் நடுப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவதைக் குப்பை என்று நினைப்பது சரியே இல்லை. குப்பைத்தொட்டியைக் கூட்டுங்கள், அபராதம் போடுங்கள், சாப்பாட்டை ஏன் தடுக்க வேண்டும்?

இந்தப் புல்லில் இதைவிடப் பெரிய பந்தியெல்லாம் நடந்திருக்கிறது. 1988 அக்டோபரில் மகேந்திர சிங் திகாயத் தலைமையில் உத்தரப்பிரதேச விவசாயிகள் வந்து இந்தச் சாலை ஓரத்திலேயே இருக்கும் போட் கிளப் புல்வெளியில் உட்கார்ந்தார்கள். சுமார் 5 லட்சம் பேர். கரும்புக்கு விலை வேண்டும், மின்கட்டணம் குறைய வேண்டும் என்று ஒரு வாரம், டிராக்டரும் மாடும் சமையலுமாக நாடாளுமன்றத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தார்கள். 1990-களில் இங்கே பேரணி நடத்தத் தடை வந்து, போராட்டங்கள் ஜந்தர் மந்தர் பக்கம் போய்விட்டன. 2012 டிசம்பரில் நிர்பயாவுக்கு நீதி கேட்டு மாணவிகள் கூட்டம் கூட்டமாக வந்து, ராஷ்டிரபதி பவன் இருக்கும் ரைசினா மேடு வரை போனபோது தண்ணீர் பீய்ச்சி அடித்து விரட்டினார்கள். முதலில் கோஷம் போனது, இப்போது சாப்பாடும் போய்விட்டது. குடியரசு தின அணிவகுப்பு மட்டும் 1955-லிருந்து வருஷம் தவறாமல் இதே சாலையில்.

இந்தியா கேட்டுக்குப் பின்னால் ஒரு கல் மண்டபம் உண்டு. போன தடவை அது காலி, உள்ளே ஏன் யாருமே இல்லை என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அங்கே நின்ற ஐந்தாம் ஜார்ஜ் சிலையை 1968-ல் எடுத்து ஊருக்கு வெளியே கொரனேஷன் பார்க்கில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் காலியாகக் கிடந்த இடத்தில் இப்போது 28 அடி உயரத்தில் கறுப்புக் கிரானைட் நேதாஜி, சல்யூட் அடித்தபடி. அம்மா கீழே நின்று பதிலுக்கு சல்யூட் அடித்தார். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

அதற்குப் பக்கத்தில்தான் தேசியப் போர் நினைவுச்சின்னம், 2019-ல் திறந்தது, அனுமதி இலவசம். இதைத் தவறவிடவே கூடாது. வடிவமைத்தது சென்னையைச் சேர்ந்த வீபி டிசைன் லேப். தரை மட்டத்துக்குக் கீழே வட்டத்துக்குள் வட்டமாக இறங்குகிறது, வட்டச் சுவர்களில் ஒரு கல்லுக்கு ஒரு பெயர் என்று தங்க எழுத்தில் 25,900-க்கும் மேற்பட்ட வீரர்கள். அம்மா தமிழ்ப் பெயர்களாகத் தேடித் தேடி விரலால் காட்டிக்கொண்டே வந்தார். இந்தியா கேட்டின் அடியில் 1972-லிருந்து எரிந்த அமர் ஜவான் ஜோதியை 2022 ஜனவரியில் இங்கே இருக்கும் சுடரோடு சேர்த்துவிட்டார்கள். வளைவின் கீழே அந்தச் சுடர் இல்லாமல் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது.

நாவல் பழத்தைச் சொல்லாமல் விடவே முடியாது! அந்தச் சாலையில் வரிசையாக நிற்பது நாவல் மரங்கள், நாங்கள் போனது சரியான பருவம். பக்கத்துச் சாலை நடைபாதையில் ஒருவர் கூடை வைத்திருந்தார். ஒரு கிண்ணத்தில் பழத்தைப் போட்டு, கறுப்பு உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, இன்னொரு கிண்ணத்தால் மூடி நன்றாகக் குலுக்கி, இலைத் தொன்னையில் கொட்டிக் கொடுக்கிறார். குலுக்கியதில் தோல் லேசாகக் கிழிந்து உப்பு உள்ளே இறங்கிவிடுகிறது. பெரிய பழம், துவர்ப்பு குறைவு, ஊதாச் சாறு முழங்கை வரை வழிந்தது. ஒரு தொன்னை ஐம்பது ரூபாய், இந்தப் பயணத்தில் நான் மனசாரக் கொடுத்த காசு இதுதான். குலாப் ஜாமூனுக்குப் பெயர் வந்ததே இந்தப் பழத்தின் இந்திப் பெயரிலிருந்துதான் என்று அம்மாவிடம் சொன்னேன், நம்பவில்லை.

இருட்டியதும் விஜய் சௌக் வரை நடந்தோம். ரைசினா மேட்டை நெருங்க நெருங்க ராஷ்டிரபதி பவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்குள் இறங்கி, கடைசியில் குவிமாடம் மட்டும்தான் தெரிகிறது. ஏறு சரிவு கட்டடத்தை மறைத்துவிடுகிறது. இதற்காக லட்யன்ஸ் தன் கூட்டாளி பேக்கரோடு பல வருஷம் சண்டை போட்டிருக்கிறார்.

திரும்பும்போது மெட்ரோ, இரண்டு பேருக்கும் சேர்த்து அறுபதுக்குள் முடிந்தது. சப்பாத்தியை லாட்ஜ் அறைக்கு வந்து, பத்தரை மணிக்கு, கட்டிலில் செய்தித்தாள் விரித்துச் சாப்பிட்டோம்.